சொந்த சர்வருக்கு மாறியபின் வரும் கோளாறுகள்: எது தெரிந்தால் எங்கே பார்ப்பது

கூகுள் டிரைவுக்குப் பதில் நெக்ஸ்ட்கிளவுட், கூகுள் ஃபோட்டோஸுக்குப் பதில் இம்மிச், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளுக்குப் பதில் வால்ட்வார்டன். இவற்றை நிறுவுவது இப்போது பெரிய வேலையே இல்லை. ஆப்களைக் கண்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரின் காம்போஸ் அமைப்புக் கோப்பை எடுத்து ஓடவிட்டால் சற்று நேரத்தில் உள்நுழைவுப் பக்கம் வந்துவிடும். தலைவலி அதற்கப்புறம்தான் தொடங்கும். அதில் பெரும்பங்கு அந்த மென்பொருளின் பிழையாக இருக்காது. டிஎன்எஸ் (டொமைன் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் ஏற்பாடு), சான்றிதழ் (இணைப்பு பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் அத்தாட்சி), கோப்பு அனுமதி, பேக்கப் என்று பெரிய கம்பெனிகள் நம் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டிருந்த வேலைகள் இப்போது நம் தலையில் விழுந்திருக்கின்றன. ஆப்பை அழித்து மறுபடி நிறுவினால் இவை எதுவும் சரியாகாது.

முதலில்: எங்கே அறுந்திருக்கிறது?

எந்தக் கோளாறானாலும் உள்ளிருந்து வெளியே போங்கள். சர்வரிலேயே அந்தச் சேவை பதில் தருகிறதா? அதே வைஃபையில் உள்ள வேறு கணினியிலிருந்து ஐபி எண்ணும் போர்ட்டும் (அந்தச் சேவையின் வாசல் எண்) போட்டால் வருகிறதா? டொமைன் பெயரைப் போட்டால்? கடைசியாக, மொபைல் டேட்டாவில்? எந்தப் படியில் முதலில் நின்றுபோகிறதோ அங்கேதான் கோளாறு. அதற்கு முந்தைய படிகளைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது லாக், அதாவது நடந்ததைப் பதியும் குறிப்பேடு. ஆப்பின் லாக், ரிவர்ஸ் பிராக்ஸியின் (வரும் கோரிக்கைகளை வாங்கி உரிய ஆப்புக்கு அனுப்பும் மென்பொருள்) லாக் இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு போனில் ஒருமுறை முயலுங்கள். பிராக்ஸி லாக்கில் ஒரு வரிகூட ஏறவில்லை என்றால் கோரிக்கை உங்கள் வீட்டுக்கே வரவில்லை. நெக்ஸ்ட்கிளவுடைக் குடைந்து பயனில்லை. பிராக்ஸி 502 என்ற பிழை எண்ணைக் காட்டினால் கோரிக்கை வந்துவிட்டது, பின்னால் இருக்கும் ஆப்பைத்தான் பிடிக்க முடியவில்லை. டாக்கரில் இதற்கு மிகப் பொதுவான காரணம் ஒன்று உண்டு. பிராக்ஸியும் ஒரு கண்டெய்னராக ஓடும்போது அதன் அமைப்பில் 127.0.0.1 என்று எழுதினால், அது அந்தப் பிராக்ஸி கண்டெய்னரையே குறிக்கும், உங்கள் சர்வரை அல்ல. இரண்டையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் போட்டு, ஆப்பின் சர்வீஸ் பெயரை எழுதினால் சரியாகிவிடும்.

வீட்டில் திறக்கிறது, வெளியே போனால் திறக்கவில்லை

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேன் ஐபி (அதன் வெளிப்பக்க எண்) என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பிறகு ஐபி எண் காட்டும் தளம் ஒன்றில் உங்கள் வெளி எண்ணைப் பாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்து, ரூட்டரில் இருப்பது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். அதாவது இணைய நிறுவனம் ஒரே பொது எண்ணைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டிருக்கிறது. இந்த எண் தொகுதியை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். இந்த நிலையில் ரூட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் கோரிக்கையைச் சர்வருக்குத் திருப்பிவிடும் விதி) போட்டாலும் வேலைக்காகாது.

வழிகள் உண்டு. இணைய நிறுவனத்திடம் பொது ஐபி கேட்கலாம். ஐபிவி6 (புதிய வகை ஐபி எண்) இருந்தால் அதன் வழியே திறக்கலாம். ஆனால் ரூட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலிலும் அனுமதி தர வேண்டும், எதிர்முனையிலும் ஐபிவி6 இருக்க வேண்டும். மூன்றாவது வழி டனல்: சர்வரே வெளியே ஒரு இணைப்பைத் தொடங்கி வைத்திருக்கும், கோரிக்கை அதன் வழியே உள்ளே வரும். கிளவுட்ஃபிளேர் டனல் எளிது, ஆனால் மறையாக்கம் அவர்கள் சர்வரிலேயே பிரிக்கப்படுகிறது. பெரிய கம்பெனி பார்க்கக் கூடாது என்றுதான் மாறினீர்கள் என்றால், இது இன்னொரு பெரிய கம்பெனியை நடுவில் உட்காரவைப்பதுதான். பயன்படுத்துவது குடும்பத்தார் மட்டும் என்றால் என் தேர்வு வயர்கார்டு என்ற விபிஎன். சிறிய விபிஎஸ் (வாடகை சர்வர்) ஒன்றை நடுவில் வைத்து வயர்கார்டு போடலாம். அது லினக்ஸ் கெர்னலிலேயே 2020 முதல் இருக்கிறது. வயர்கார்டை வைத்தே கட்டிய டெயில்ஸ்கேல் வேலையை இன்னும் சுலபமாக்கும். அதன் கட்டுப்பாட்டு சர்வரும் சொந்தமாக வேண்டும் என்றால் ஹெட்ஸ்கேல் இருக்கிறது. இந்த வழியில் எந்த ஆப்பையும் பொது இணையத்தில் திறந்துவிட வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டு எண்ணும் ஒன்றேதான், ஆனாலும் வரவில்லையா? ரூட்டர் மறுபடி துவங்கியதில் சர்வரின் உள் ஐபி மாறி, ஃபார்வர்டிங் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கலாம். ரூட்டரில் அந்த எண்ணைச் சர்வருக்கென்று நிரந்தரமாக ஒதுக்குங்கள். அல்லது வெளி எண் மாறியிருக்கும், மாறும் எண்ணை டொமைனில் பதியும் டைனமிக் டிஎன்எஸ் புதுப்பித்திருக்காது.

வெளியே திறக்கிறது, வீட்டு வைஃபையில் திறக்கவில்லை

முந்தையதற்கு நேர் எதிர். போன் வீட்டுக்குள்ளிருந்து உங்கள் பொது எண்ணைத் தேடிப் போகிறது. வெளியே போன கோரிக்கையைத் திருப்பி உள்ளே அனுப்ப ரூட்டருக்குத் தெரியவில்லை. நாட் லூப்பேக், ஹேர்பின் நாட் என்று ரூட்டரில் ஏதாவது இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் வீட்டு டிஎன்எஸ் சர்வராக ஓடும் பைஹோல் அல்லது ஆட்கார்டு ஹோமில் அந்த டொமைனுக்குச் சர்வரின் உள் எண்ணைப் பதில் தரச் சொல்லுங்கள்.

அதைச் செய்தும் ஒரே ஒரு போனில் மட்டும் வரவில்லையா? ஆண்ட்ராய்டின் பிரைவேட் டிஎன்எஸ், பிரவுசரின் பாதுகாப்பான டிஎன்எஸ் ஆகியவை உங்கள் பைஹோலைத் தாண்டி வெளியே கேட்டுக்கொண்டிருக்கும். அதை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

சான்றிதழ் எச்சரிக்கை, அல்லது வால்ட்வார்டன் பக்கம் வந்தும் உள்ளே விடவில்லை

வால்ட்வார்டனை வெறும் எச்டிடிபியில் (மறையாக்கம் இல்லாத இணைப்பு), ஐபி எண் போட்டுத் திறந்தால் வேலை செய்யாது. பிரவுசரின் மறையாக்கக் கருவிகள் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே இயங்கும். லோக்கல்ஹோஸ்ட் (அதே கணினி) மட்டும் விலக்கு. அதற்காகச் சர்வரை இணையத்துக்குத் திறக்க வேண்டியதில்லை. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் டிஎன்எஸ் வழிச் சோதனையில், டொமைனின் டிஎன்எஸ்ஸில் ஒரு டிஎக்ஸ்டி பதிவு போட்டாலே சான்றிதழ் கிடைக்கும். ஒரு போர்ட்கூடத் திறக்க வேண்டாம்.

எச்டிடிபி வழிச் சோதனை என்றால் போர்ட் 80 திறந்திருக்க வேண்டும். 443 மட்டும் போதும் என்று நினைத்து 80-ஐ மூடி வைத்தவர்களுக்குத்தான் புதுப்பித்தல் தோற்கும். தோற்றவுடன் மறுபடி மறுபடி முயலாதீர்கள். ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 தோல்வி என்பது வரம்பு, அதைத் தாண்டினால் காத்திருக்க வேண்டும். அவர்களின் ஸ்டேஜிங் (ஒத்திகை) சர்வரில் சோதித்துவிட்டு வாருங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று ஒருநாள் எச்சரிக்கை காட்டினால், சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். வழக்கமான ஆயுள் 90 நாள். முன்பெல்லாம் லெட்ஸ் என்கிரிப்ட் மின்னஞ்சலில் நினைவூட்டும். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். அப்டைம் கூமா போன்ற ஒன்றை வைத்துக் காலாவதி நாளைக் கண்காணியுங்கள். சான்றிதழ் புதிதாக வந்தும் எச்சரிக்கை போகவில்லையா? பிராக்ஸி இன்னும் பழையதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது, ரீலோட் செய்யுங்கள்.

சர்வர் படுத்திருக்கும் நேரத்தில் பாஸ்வேர்டு அவசரமாக வேண்டும் என்றால் பதற வேண்டாம். வால்ட்வார்டனோடு பேசும் பிட்வார்டன் ஆப்பில் ஏற்கெனவே உள்நுழைந்திருந்தால் மறையாக்கிய நகல் போனிலேயே இருக்கும், படிக்கலாம்.

நெக்ஸ்ட்கிளவுடில் "நம்பகமற்ற டொமைன்" செய்தி. அல்லது ஆப்பில் அனுமதி கொடுத்தும் அப்படியே நிற்கிறது

முதலாவது சுலபம். கான்ஃபிக் கோப்பின் ட்ரஸ்டட் டொமைன்ஸ் பட்டியலில் நீங்கள் பயன்படுத்தும் பெயரைச் சேர்த்தால் போதும். இரண்டாவதுதான் பலரைச் சுற்றவிடுகிறது. பிரவுசரில் எல்லாம் சரி, போன் ஆப்பில் "அனுமதி வழங்கு" என்பதைத் தட்டியபின் எதுவும் நடக்காது. பிராக்ஸி வரை எச்டிடிபிஎஸ், அதற்குப் பின்னால் எச்டிடிபி என்று இருப்பதால், நெக்ஸ்ட்கிளவுட் தன்னை எச்டிடிபி என்றே நினைத்து ஆப்புக்குத் தப்பான முகவரியைத் தருகிறது. ஓவர்ரைட் புரோட்டோகால் என்பதில் எச்டிடிபிஎஸ் என்று எழுதுங்கள். ட்ரஸ்டட் பிராக்ஸீஸில் பிராக்ஸியின் எண்ணையும் சேருங்கள்.

சின்னக் கோப்பு ஏறுகிறது, பெரியது ஏறவில்லை

லாக்கில் 413 (அளவு மிகப் பெரிது என்ற பிழை எண்) தெரியும். பிராக்ஸியாக ஓடும் என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் ஏற்காது; நெக்ஸ்ட்கிளவுடை ஓட்டும் பிஎச்பி இயல்பாக 2 எம்பி. வழியில் எத்தனை இடம் இருக்கிறதோ அத்தனையிலும் வரம்பை உயர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு "மாற்றியும் வேலை செய்யவில்லை" என்று சொல்வதுதான் வழக்கம். டொமைன் கிளவுட்ஃபிளேரின் இலவசப் பிராக்ஸி வழியாக வந்தால் 100 எம்பி உச்சவரம்பு, அதை நீங்கள் மாற்ற முடியாது. நெக்ஸ்ட்கிளவுடின் ஆப்கள் கோப்பைத் துண்டுபோட்டு அனுப்புவதால் தப்பிக்கும். இம்மிச்சில் நீளமான வீடியோக்கள் மட்டும் ஏறாமல் நிற்பது இதனால்தான்.

நேரடியாகக் காப்பி செய்த கோப்புகள் நெக்ஸ்ட்கிளவுடில் தெரியவில்லை

டேட்டா ஃபோல்டரில் கையால் போட்ட கோப்புகள் அதன் டேட்டாபேஸில் ஏறாது. நெக்ஸ்ட்கிளவுடோடு வரும் ஓசிசி கருவியின் ஃபைல்ஸ் ஸ்கேன் கட்டளையை ஓட்டுங்கள். அதற்கு முன், கோப்புகளின் உரிமையாளர் வெப் சர்வரின் பயனர்தானா என்று பாருங்கள். டெபியன் லினக்ஸில் அது பயனர் எண் 33.

ஸ்கேன் ஓட்டியும் தமிழ்ப் பெயர் கொண்ட சில கோப்புகள் மட்டும் வரவில்லையா? இது தமிழில் பெயர் வைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது முன்னால் வரும் ஒற்றைக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். "கோ", "கௌ" இரண்டுக்கும் இதே கதைதான். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு வேறு பெயர். மேக்கின் பழைய கோப்பு முறை பிரித்து வைக்கும் வகை. லினக்ஸ் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும், நெக்ஸ்ட்கிளவுடோ சேர்த்து எழுதிய வடிவத்தை எதிர்பார்க்கும். ஸ்கேன் ஓடும்போது "பொருந்தாத என்கோடிங்" என்று எச்சரிக்கை வந்தால் இதுதான். கான்வ்எம்வி என்ற கருவியால் எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி (சேர்த்து எழுதிய) வடிவத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி ஸ்கேன் ஓட்டுங்கள். முதலில் சோதனை ஓட்டமாக விட்டு என்ன மாறப்போகிறது என்று பாருங்கள். தனியாகச் சொல்லாதவரை கான்வ்எம்வி அப்படித்தான் ஓடும்.

பழைய படங்கள் எல்லாம் இன்றைய தேதியில் நிற்கின்றன

கூகுள் டேக்அவுட்டில் (கூகுளிலிருந்து உங்கள் தரவை மொத்தமாக இறக்கும் வசதி) இறக்கிய படங்களுக்கு இது அநேகமாக எல்லோருக்கும் நடக்கும். எடுத்த தேதி சில படங்களுக்குள்ளேயே எக்ஸிஃப் தகவலாக இருக்கும். ஆனால் வாட்ஸப்பில் வந்தவை, ஸ்கேன் செய்தவை, கூகுளில் நீங்கள் கையால் தேதி திருத்தியவை ஆகியவற்றின் சரியான தேதி, பக்கத்தில் வரும் ஜேசன் கோப்பில்தான் இருக்கிறது. அந்த ஜேசன் கோப்புகளைக் குப்பை என்று நினைத்து அழித்துவிட்டால் தேதி போனதுதான்.

இன்னொரு சிக்கல்: டேக்அவுட் பல ஜிப்களாக வரும். ஒரு படம் மூன்றாவது ஜிப்பிலும் அதன் ஜேசன் நான்காவதிலும் இருக்கலாம். ஒவ்வொரு ஜிப்பாகப் பிரித்து ஒவ்வொன்றாக ஏற்றினால் ஜோடி சேராது. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து இம்மிச்-கோ கருவியிடம் கொடுங்கள். ஜிப்களை அப்படியே படித்து, ஜேசனோடு ஜோடி சேர்த்து, ஆல்பங்களையும் காத்துக்கொண்டு ஏற்றும். இம்மிச் அல்லாத வேறிடத்துக்குப் போகிறீர்கள் என்றால் எக்ஸிஃப்டூலால் ஜேசனின் தேதியைப் படத்துக்குள் எழுதலாம். ஒரே படம் ஆண்டு ஃபோல்டரிலும் ஆல்பம் ஃபோல்டரிலும் இருமுறை வருவதும் இயல்பே.

ஏற்கெனவே இன்றைய தேதியில் ஏற்றிவிட்டீர்களா? ஒவ்வொன்றாகத் திருத்தி உட்காராதீர்கள். அந்தத் தொகுதியை நீக்கிவிட்டுச் சரியான முறையில் மறுபடி ஏற்றுவதே வேகம். கூகுள் பக்கத்து நகலை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். பேக்கப் இயங்கும் போனில் கூகுள் ஃபோட்டோஸ் ஆப்புக்குள் ஒரு படத்தை நீக்கினால் போனில் இருக்கும் மூலமும் சேர்ந்து போய்விடும்.

போனில் எடுக்கும் புதுப் படங்கள் தானாக ஏறவில்லை

ஆண்ட்ராய்டு என்றால் அந்த ஆப்புக்குப் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள், முக்கால்வாசி முடிந்தது. ஐபோனில் பின்னணியில் எப்போது எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதை ஐஓஎஸ்தான் முடிவு செய்கிறது. அவ்வப்போது ஆப்பைத் திறந்துவைப்பதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

தொடர்புகள், காலண்டர் ஒத்திசையவில்லை

ஐபோன் கார்டுடேவ், கால்டேவ் (தொடர்புகளையும் காலண்டரையும் ஒத்திசைக்கும் மொழிகள்) இரண்டையும் தானே பேசும். ஆண்ட்ராய்டு பேசாது, டேவ்எக்ஸ்5 ஆப் வேண்டும், எஃப்-டிராய்டு ஆப் கடையில் இலவசம். நெக்ஸ்ட்கிளவுடில் இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தால் வழக்கமான பாஸ்வேர்டு ஏற்காது, ஆப் பாஸ்வேர்டு உருவாக்கிக் கொடுங்கள். பழைய தொடர்புகள் வருகின்றன, புதிதாகச் சேர்ப்பவை மட்டும் சர்வருக்குப் போகவில்லையா? தொடர்புகள் ஆப்பில் புதியவற்றைச் சேமிக்கும் இயல்புக் கணக்கு இன்னமும் கூகுளாகவே இருக்கும்.

கூகுள் இல்லாத போனில் அறிவிப்புகள் வரவில்லை

ஆண்ட்ராய்டு ஆப்களில் பெரும்பாலானவை அறிவிப்புக்குக் கூகுளின் எஃப்சிஎம் சேவையை நம்பியிருக்கின்றன. அதை இயக்கும் கூகுளின் பிளே சர்வீசஸ் இல்லையென்றால் ஆப்பைத் திறக்கும்போதுதான் செய்தி தெரியும். எலிமென்ட், டஸ்கி போன்ற ஆப்கள் யூனிஃபைட்புஷ் என்ற, கூகுளை நம்பாத அறிவிப்பு முறையை ஏற்கும். அதற்கான என்டிஎஃப்ஒய் சர்வரை நீங்களே ஓட்டிக்கொள்ளலாம். ஏற்காத ஆப்களுக்கு மைக்ரோஜி (பிளே சர்வீசஸுக்கு மாற்று), அல்லது கிராஃபீன்ஓஎஸ் என்ற மாற்று ஆண்ட்ராய்டில் கூண்டுக்குள் அடைத்த பிளே சர்வீசஸ். வங்கி ஆப் திறக்க மறுத்தால் அது வேறு கதை, போன் கூகுளின் ஒப்புதல் பெற்றதா என்று பார்க்கும் பிளே இன்டெக்ரிட்டி சோதனை. அதோடு சண்டை போடுவதில் அர்த்தமில்லை, வங்கியின் வலைத்தளத்தைப் பிரவுசரில் பயன்படுத்துங்கள்.

அனுப்பும் மின்னஞ்சல் ஸ்பேமுக்குப் போகிறது, அல்லது போகவே இல்லை

சொந்த மின்னஞ்சல் சர்வரிலிருந்து போகவே இல்லை என்றால், அஞ்சல் சர்வர்கள் பேசிக்கொள்ளும் போர்ட் 25 அடைபட்டிருக்கும். வீட்டு இணைப்புகளில் இது வழக்கம், பல விபிஎஸ் நிறுவனங்களும் அடைத்தே வைத்திருக்கின்றன. அடைக்காவிட்டாலும் வீட்டு ஐபி எண்களை, நேரடியாக அஞ்சல் அனுப்பக் கூடாத எண்களைத் தொகுக்கும் ஸ்பாம்ஹவுஸின் பிபிஎல் பட்டியல் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கும்.

ஸ்பேமுக்குப் போகிறது என்றால் நான்கைப் பாருங்கள்: எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் யார் அனுப்பலாம் என்ற பதிவு), டிகிம் (அஞ்சலில் இடும் மறையாக்கக் கையெழுத்து), டிமார்க் (இவற்றில் தோற்றால் என்ன செய்வது என்ற பதிவு), பின்னோக்கு டிஎன்எஸ் (ஐபி எண்ணிலிருந்து பெயரைக் காட்டுவது). கடைசியானது டொமைனில் இல்லை, ஐபி எண்ணைத் தந்த நிறுவனத்திடம்தான் மாற்ற வேண்டும். எஸ்பிஎஃப் பதிவு இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. பழைய சேவைக்கானதை எடுக்காமல் புதியதைச் சேர்த்தால் இப்படி ஆகும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இவற்றில் கறாராகிவிட்டன.

எல்லாம் சரியாக இருந்தும் புதிய ஐபி எண் என்ற ஒரே காரணத்துக்காகச் சந்தேகப்படுவார்கள். என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன்: மின்னஞ்சல் சர்வரை வீட்டில் ஓட்டாதீர்கள். சொந்த டொமைன் வாங்கி, அதைக் காசு கொடுக்கும் மின்னஞ்சல் சேவை ஒன்றில் இணையுங்கள். நாளை பிடிக்கவில்லை என்றால் எம்எக்ஸ் பதிவை (அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பது) மாற்றிவிட்டு வேறிடம் போகலாம், முகவரி மாறாது.

ஜிமெயிலிலிருந்து பழைய அஞ்சல்களை இழுக்கும்போது அளவு இரட்டிப்பாகிறது என்றால், லேபிள்கள் ஃபோல்டர்களாக வருவதுதான் காரணம். ஒரே அஞ்சல் இன்பாக்ஸிலும் ஆல் மெயிலிலும் இருக்கும். பாதியில் நின்றால் ஐமேப் வழி ஒரு நாளைக்கு எவ்வளவு இறக்கலாம் என்ற வரம்பைத் தொட்டிருப்பீர்கள், மறுநாள் தொடருங்கள்.

அப்டேட் செய்தபின் டேட்டாபேஸ் எழவில்லை

காம்போஸ் கோப்பில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் பதிப்பை "லேட்டஸ்ட்" என்று விட்டிருப்பீர்கள். அதன் பெரும்பதிப்பு மாறினால் பழைய டேட்டா ஃபோல்டரைப் புதியது திறக்காது. டேட்டா பத்திரமாகத்தான் இருக்கிறது, ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். பழைய பதிப்பு எண்ணை எழுதி ஓடவிடுங்கள், டம்ப் (டேட்டா முழுவதையும் எழுதிய ஏற்றுமதிக் கோப்பு) எடுங்கள், வெற்று ஃபோல்டரோடு புதிய பதிப்பைத் தொடங்கி உள்ளே ஏற்றுங்கள். நெக்ஸ்ட்கிளவுடிலும் பெரும்பதிப்புகளைத் தாண்டிக் குதிக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும்.

கண்டெய்னரை மறுபடி உருவாக்கியதும் எல்லாம் காலியாகிவிட்டது என்றால், டேட்டா ஃபோல்டர் வெளியே வால்யூமாக இணைக்கப்படவே இல்லை. எழுதியதெல்லாம் கண்டெய்னருக்குள் இருந்து அதோடு போய்விட்டது.

சில்லறைக் கோளாறுகள்

டிஸ்க் நிரம்பிவிட்டது, எதனால் என்று தெரியவில்லை: டாக்கர் லாக்குகளுக்கு இயல்பாக அளவு வரம்பே கிடையாது, வரம்பு போடுங்கள். நெக்ஸ்ட்கிளவுடின் குப்பைத்தொட்டியையும் பாருங்கள்.

இரட்டைச் சரிபார்ப்பில் சரியான ஆறு இலக்க எண்ணைப் போட்டும் தவறு என்கிறது: சர்வரின் கடிகாரம் பிசகியிருக்கிறது. அந்த எண் 30 நொடிக்கு ஒருமுறை மாறுவது, நேரத்தை ஒத்திசையுங்கள்.

கோப்புகளை ஒத்திசைக்கும் சின்க்திங்கின் ஃபோல்டரில் சின்க்-கான்ஃப்ளிக்ட் என்று கோப்புகள் குவிகின்றன: ஒரே கோப்பை இரு இடத்தில் திருத்தியிருக்கிறீர்கள். அது கீபாஸ் (பாஸ்வேர்டு) கோப்பு என்றால் அழிக்க வேண்டாம், கீபாஸ்எக்ஸ்சியில் இரண்டையும் இணைக்கும் வசதி இருக்கிறது.

ஜெல்லிஃபினில் (சொந்த வீடியோ சர்வர்) வீடியோ திக்குகிறது: வீடியோவைச் சர்வர் மாற்றி அனுப்புகிறதா என்று டாஷ்போர்டில் பாருங்கள். எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கும் சப்டைட்டிலை அணைத்தாலே பலமுறை சரியாகிவிடும்.

யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் மூடிய போர்ட் வெளியே திறந்திருக்கிறது: இதைச் சில்லறை என்று ஒதுக்காதீர்கள். டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டிப் போகும். போர்ட்டை 127.0.0.1-இல் மட்டும் கட்டுங்கள்.

பேக்கப் இருக்கிறது, ஆனால் மீட்க முடியவில்லை

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே காப்பி எடுத்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டும். டம்ப் எடுத்து அதைத்தான் ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற பேக்கப் கருவிக்குக் கொடுக்க வேண்டும். நெக்ஸ்ட்கிளவுடுக்கு டேட்டாவும் டம்பும் போதாது, கான்ஃபிக் கோப்பும் வேண்டும். ரகசியச் சாவிகள் அதில்தான் இருக்கின்றன. வேறொரு கணினியில் ஒருமுறை மீட்டுப் பார்க்கும்வரை அதைப் பேக்கப் என்று நான் எண்ணுவதில்லை.

எல்லாம் சரியாக எடுத்திருந்தும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ரெஸ்டிக்கின் பாஸ்வேர்டு வால்ட்வார்டனில் இருக்கும், வால்ட்வார்டன் செத்துப்போன சர்வரில் இருக்கும், அதன் பேக்கப்பைத் திறக்க ரெஸ்டிக்கின் பாஸ்வேர்டு வேண்டும். அந்த ஒன்றைக் காகிதத்தில் எழுதி வீட்டுக்கு வெளியேயும் ஒரு நகல் வையுங்கள். டொமைன் பதிவு நிறுவனத்தில் கொடுத்திருக்கும் மின்னஞ்சல் முகவரியும் இதே மாதிரிதான். அது அந்த டொமைனிலேயே இருந்தால், புதுப்பிக்க மறந்த நாளில் நினைவூட்டலும் வராது, பாஸ்வேர்டை மீட்கும் அஞ்சலும் வராது. அதற்கு மட்டும் வேறு டொமைனில் ஒரு முகவரி கொடுங்கள். "கூகுள் மூலம் உள்நுழை" என்று பட்டனைத் தட்டித் திறந்த கணக்குகளையும் கூகுளின் பாதுகாப்புப் பக்கத்தில் பட்டியலாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் தனி பாஸ்வேர்டுக்கு மாற்றியபிறகு பழைய கணக்கை மூடுங்கள்.